காப்பிய மாந்தரை ஆராயுமாறு

ஒருவனை நல்லன் என்றும் மற்றொருவனைத் தீயன் என்றும் சொல்லுதல் யாவர்க்கும் எளிது. அவன் செய்தது யாது, எந்நிலையில் நின்று செய்தான், வேறொன்று செய்தற்கு அவனுக்கு வழியிருந்ததோ இல்லையோ என்பவற்றை ஆராய்ந்து சொல்லுதலோ அரிது. உலகத்தார் பெரும்பாலும் அரியதை விட்டு எளியதையே கைக்கொள்வர். அதனால் விளையுங் கேடு ஒருவன் பெயர் மாசுபடுதலோடு நின்றுவிடுவதன்று. ஆராயாது சொல்லிய ஒரு சொல் உயிரையும் கொள்ளும், ஊரையும் அழிக்கும். இதனை ஐயமின்றிக் காட்டி நிற்பது இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரம்.

அந்நூலைப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்களை நோக்கி யாம் ஈண்டு ஒன்று கூறப் புகுகின்றோம். ஆராயாத் தீர்ப்பினால் வந்த அழிவைப் பாடும் அக்காப்பியத்தின் மாந்தர்மீதே நம் வகுப்பறைகளில் ஆராயாத் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. கண்ணகி கற்பரசி, கோவலன் ஒழுக்கந் தவறியவன், மாதவி கணிகை, பாண்டியன் முறை தவறிய மன்னன், பொற்கொல்லன் வஞ்சகன். மாணாக்கர் இவ்வைந்து தொடர்களையும் மனனஞ் செய்து, பரீட்சையில் ஒவ்வொன்றையும் ஐந்தாறு வரிகளாக விரித்தெழுதிப் புள்ளி பெற்றுச் செல்கின்றனர். காலக்குறைவும் பாடத்தின் அளவும் ஆசிரியரை நெருக்குவதை யாம் அறியாமலில்லை. ஆயினும் 30 காதைகளிற் பாடப்பட்டதொன்றை ஐந்து தொடர்களில் முடித்துவிடல் கற்பித்தலாகுமோ என்பது சிந்திக்கற்பாலது.

காப்பிய மாந்தரை ஆராயப் புகுவார்க்கு இருவகை வழுக்கள் நேர்தல் கூடும். ஒன்று, அவர் பிறந்த குலம், வளர்ந்த சூழல், நின்ற நிலை என்பவற்றை நோக்காது, செய்த செயலொன்றையே பற்றிப் பெயர் சூட்டிவிடுதல். மற்றொன்று, சூழலையே நோக்கிச் செயலை மறந்துவிடுதல். அதாவது, காலம் அத்தகையது, குலம் அத்தகையது, ஊழ் அத்தகையது, ஆதலால் எவர்மேலும் பழியில்லை என்று கைகழுவுதல். முன்னது கொடுமையின்பாற்படும், பின்னது சோம்பலின்பாற்படும். இரண்டும் மாந்தரை மரப்பாவையாக்குவன. முன்னது நிறந்தீட்டி நிறுத்திய பாவை. பின்னது கயிற்றால் ஆட்டப்படும் பாவை. இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் வழி உண்டு. சூழலை அறிதல் பொறுப்பை நீக்குதற்கன்று, தீர்ப்பை நேராக்குதற்கே என்பது எமது துணிபு. இதனைக் காப்பியத்தின் நிகழ்ச்சிகளைக் கொண்டே காட்டுவோம்.

முதற்கண் பாண்டியனை எடுத்துக்கொள்வோம். கூத்த மகளிரின் ஆடலைக் கண்டிருந்த அரசன்மேல் ஐயுற்ற தேவி, தலைநோய் வந்ததெனச் சொல்லி எழுந்து செல்கின்றாள். அவளது ஊடலைத் தீர்க்க அரசன் அவள் கோயிலை நோக்கி விரைகின்றான். அவ்வேளையில் அரண்மனைப் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு, காணாமற்போன சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலிடத்தே இருக்கின்றான் என்கின்றான். அரசன் காவலரை அழைத்து, தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு பணிக்கின்றான். இதுவே நடந்தது.

இதிற் சூழல் நமக்கு உணர்த்துவது யாது? அரசன் பகையாற் சொன்னானல்லன், பொருளாசையாற் சொன்னானுமல்லன். மனம் வேறிடத்திருந்தது. வந்து சொன்னவன் அரண்மனையில் மதிப்புற்ற தொழிலாளன். கட்டளையிலும் ‘கையில் இருக்குமாயின்’ என்றொரு நிபந்தனை இருந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் அந்நிபந்தனை எத்தன்மையது? சிலம்பு கையில் இருத்தல் வேறு, அது தேவியின் சிலம்பாயிருத்தல் வேறு. அவ்வேறுபாட்டை அறிதற்கு அரசன் செய்யவேண்டியது மிகச் சிறிதே. சிலம்பைத் தேவியிடங் காட்டியிருக்கலாம். குற்றஞ் சாட்டப்பட்டவனை எதிரே நிறுத்தி ஒரு வினா வினாவியிருக்கலாம். ஒரு நாழிகைப் பொழுதும் செல்லாத அவ்வாராய்ச்சி நிகழவில்லை. அவன் பிழை எவ்வாறு நேர்ந்ததென்பதைச் சூழல் விளக்குகின்றது. அது பிழையன்று என்று சூழல் சொல்லவில்லை.

அடுத்து நிகழ்வதை ஆசிரியர் விரைந்து கடந்துவிடலாகாது. காவலர் கோவலனைக் கண்டவுடன், இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்கின்றனர். பொற்கொல்லனோ நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையுந் துணையாகக் கொண்டு களவியற்றுவோர் திறத்தை விரித்துரைக்கின்றான். காவலருள் ஓர் இளையோன், மழையிருளில் தன் கைவாளையே பறித்து மறைந்த கள்வனொருவன் கதையைச் சொல்லி, இனிச் செய்வது யாதெனத் தோழரை வினாவுகின்றான். அப்பொழுது கல்லாதவனும் கள்ளுண்டு களித்தவனுமாகிய ஒருவன் வாளை வீசுகின்றான். இங்கே ஐயம் எழாமலில்லை. எழுந்த ஐயத்தை எடுத்துச் சென்று அரசன்முன் வைப்பார்தாம் இலர். அறிந்தோர் தயங்கி நிற்க, அறியாதான் செயல் முடித்தான். உலகில் நிகழும் பேரநீதிகள் பலவும் இவ்வாறே நிகழ்கின்றன என்பதை மாணாக்கர் இவ்விடத்தே உணர்தல் வேண்டும். கொடியவன் ஒருவனே போதியவனல்லன். அவனுக்கு வாய்மூடி நிற்கும் நல்லோர் சிலருந் துணை வேண்டும்.

இனி வழக்குரைத்த நிகழ்ச்சி. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலன்று, அரசநீதியே என்று பாண்டியன் கண்ணகிக்கு விடையிறுத்தான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் அவள். தேவியின் சிலம்பிலுள்ளவை முத்து என்று கூறி, சிலம்பைக் கொணர்வித்து அவள்முன் வைத்தான். அவள் உடைத்தாள்; மாணிக்கப்பரல் தெறித்தது. அந்நொடியில் பாண்டியன் சொல்லியிருக்கத்தக்க மறுமொழிகளை மாணாக்கர் எண்ணிப் பார்க்க. ‘பொற்கொல்லன் பொய் சொன்னான்’ எனலாம். ‘காவலர் அவசரப்பட்டனர்’ எனலாம். ‘நூல்வழியே தீர்த்தேன்’ எனலாம். ‘விதி’ எனலாம். இவற்றுள் ஒன்றையும் அவன் சொன்னானல்லன். கொல்லன் சொற் கேட்ட தானே கள்வன் என்று தன்மேல் தானே தீர்ப்புரைத்து உயிர்நீத்தான். ஆராயாது பிறன்மேற் சொன்ன தீர்ப்புக்கு ஈடாக, ஆராய்ந்தறிந்த தீர்ப்பைத் தன்மேற் சொன்னான். அவன் நகரை எரித்த கண்ணகியே வஞ்சியில் தெய்வவடிவிற் றோன்றி, அவன் தீதிலன் என்றும் தான் அவன் மகள் என்றும் கூறுகின்றாள். கேடு செய்யப்பட்டவளே கேடு செய்தவனை முழுதும் நோக்கி மொழிந்த தீர்ப்பு அது. முறை தவறிய மன்னன் என்பதோடு நிறுத்தும் மாணாக்கன் வழக்கிற் பாதியையே கேட்டவனாவான்.

கோவலன் திறத்தும் இவ்வாறே. அவன் கண்ணகியைப் பிரிந்ததும் முன்னோர் தேடிய பெரும்பொருளை இழந்ததும் மறுக்கலாகாதன. ஆயினும் மதுரைப் புறஞ்சேரியில் மாடலன் என்னும் மறையோன் அவன் முன்செய்த நலங்களை எடுத்துரைக்கின்றான். மதயானையின் கைப்பட்ட முதிய அந்தணனை மீட்டமை, அறியாது கீரியைக் கொன்று கணவனாற் கைவிடப்பட்டவளுக்கு வாழ்வளித்தமை, பொய்ச்சான்று கூறிப் பூதத்தின் பாசத்திற் பட்டவனுக்காகத் தன்னுயிரைத் தர முன்வந்தமை என்பன அவை. அளவின்றி ஈந்த கையே அளவின்றி இழந்தது. நெஞ்சின் ஈரமும் நிறையின்மையும் ஒருவனிடத்தே ஒருங்கிருத்தல் கூடும் என்பதை இளைஞர் இங்கே கற்பர். இது தம்மைத் தாம் அறிதற்கும் உதவுங் கல்வியாகும்.

இன்னுமொன்று. ஆராயாத் தீர்ப்புக்கு இரையான அக்கோவலனும் ஆராயாத் தீர்ப்பு வழங்கியவனே. கடற்கரையில் மாதவி பாடிய பாட்டைக் கேட்டு, அவள் மனம் வேறொருவன்பாற் சென்றதெனத் தானே கருதி, ஒரு வினாவும் வினாவாது பிரிந்தான். அவள் விடுத்த முதலோலையை, எல்லாம் நடிப்பெனச் சொல்லி மறுத்தான். மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகமாணி கொணர்ந்த இரண்டாம் ஓலையைக் கண்டபொழுதே, அவள்மேற் குற்றமில்லை, குற்றம் தன்னதே என்று தெளிந்தான். காப்பியத்தின் தலைவனே தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டிருக்க, நாம் மாத்திரம் மாதவியைப் பற்றிய முதற்றீர்ப்பிலேயே நிற்பது எவ்வாறு பொருந்தும்?

கணிகை என்பது மாதவியின் பிறப்பைச் சொல்லும்; அவளைச் சொல்லாது. ஐந்தாம் வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, 12 வயதிற் சோழமன்னன் முன்னிலையில் அரங்கேறினாள். பரிசிலாகப் பெற்ற 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையை, அதனை வாங்குவோன் அவளுக்குக் கொழுநனாவான் எனச் சொல்லி, செல்வ இளைஞர் திரியும் மறுகிற் கூனியொருத்தி நின்று விலைகூறினாள். இவற்றுள் எதிலேனும் அச்சிறுமியின் விருப்பம் வினாவப்பட்டதோ? தெரிவு இல்லாதவிடத்துக் குணத்தைத் தேடுதல் வீண். தெரிவு உள்ளவிடத்து அவள் யாது செய்தாள் என்பதே ஆராயற்பாலது. கோவலன் பிரிந்தபின் வேறொருவனை நாடினாளல்லள். அவன் இறந்தது கேட்டுத் துறவு பூண்டாள். தன் மகள் மணிமேகலையைக் குலத்தொழிலிற் புகவிடாது அறநெறியிற் செலுத்தினாள். தனக்கு மறுக்கப்பட்ட தெரிவைத் தன் மகளுக்கு அளித்த தாய் அவள். இதனை ஓதியுணர்ந்த மாணவி, பெண்டிரைப் பிறப்பாற் பழித்தல் தகாது என்பதை வேறொருவர் சொல்லவேண்டாமலே அறிந்துகொள்வாள்.

கண்ணகியை இகழ்வார் இலர். ஆயினும் புகழ்ச்சியும் ஆராயாததாயிருத்தல் கூடும். பொறுமையே உருவாகிய பேசாமடந்தை என்று அவளைக் கற்பிப்பது பொருந்தாது. சோமகுண்டம் சூரியகுண்டம் மூழ்கிக் காமன் கோட்டந் தொழுதாற் கணவனைப் பெறலாம் எனத் தேவந்தி சொன்னபொழுது, அது பெருமையன்று என மறுத்தவள் அவள். மதுரையில், தம்மொடு வந்த காரணம் யாதெனக் கோவலன் இரங்கி வினாவியபொழுது, அவன் மேற்கொண்ட ஒழுக்கம் சான்றோர் போற்றாதது என்பதை நேரே சொன்னவளும் அவளே. அரசவையில் எழுந்த குரல் திடீரெனப் பிறந்ததன்று. அது முன்னரே அங்கிருந்தது.

மதுரையை எரித்தமை பற்றியும் மாணாக்கர் வினாவுவர், வினாவுதல் வேண்டும். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விடுத்துத் தீத்திறத்தார் பக்கமே சேருமாறு அவள் எரிக்குக் கட்டளையிட்டாள் எனக் காப்பியம் கூறும். ஒருவன் பிழைக்கு ஊர் எரிதல் தகுமோ என்ற வினா அவ்வளவில் அடங்காது. ஈழத்தின் கீழ்கரையில் கண்ணகியம்மன் கோயில்கள் பல உள. வைகாசித் திங்களில் ஆங்கு கண்ணகி வழக்குரை பாடப்படும். குளிர்த்திச் சடங்கு நிகழும். அம்மையின் சினத்தைக் குளிர்விக்க வேண்டும் என்பதை அவளை வழிபடும் மக்களே உணர்ந்திருக்கின்றனர் அன்றோ? வழிபாட்டுக்குரியாளைப் பற்றி வினாவுதல் நிந்தனையாகாது. தக்க வணக்கத்தோடு வினாவச் செய்தல் ஆசிரியர் கடன்.

பொற்கொல்லனுக்கு வருவோம். தேவியின் சிலம்பைத் தானே கவர்ந்து, வெளிப்படுமோ என அஞ்சியிருந்தவன், எதிரே சிலம்போடு வந்த புதியவனைக் கண்டு, தன் பழியை அவன்மேற் சுமத்தினான். அச்சம் அவன் செயலை விளக்கும், ஒருவாற்றானும் காவாது. சூழலை எத்துணை நோக்கினும் குறையாத குற்றம் உண்டு என்பதற்கு அவன் சான்று. ஆனால் அவனோடு நிற்றல் வேண்டும் அக்குற்றம். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் 1000 பேரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்ற செய்தி அந்நூலிலேயே வருகின்றது. அவ்வாயிரவர் செய்த பிழை யாது? ஒருவன் தொழிலைச் செய்தமையன்றி வேறில்லை. கோவலனுக்கு நேர்ந்த அநீதிக்குப் பரிகாரமாக அதனினும் ஆயிரமடங்கு அநீதி நிகழ்ந்தது. இப்பகுதியைக் கற்பிக்கும்பொழுது அத்தொழிற்குடியிற் பிறந்த பிள்ளை வகுப்பில் தலைகவிழ்ந்திருக்கும்; பிற பிள்ளைகள் அதனை நோக்கி நகைக்கும். அந்நகையை வாளா விட்டுவிடும் ஆசிரியர் செழியன் செய்ததையே சிறிய அளவிற் செய்தவராவர்.

கவுந்தியடிகள் சமண சமயத்தவர். மாதவி சேர்ந்தது பௌத்த நெறி. சைவ ஆசிரியராகிய நாம் அவர்தம் கொள்கையை ஏற்கவேண்டுவதில்லை. அடைக்கலங் கொடுத்தவர்க்கு நேர்ந்த கேட்டை அறிந்து உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட கவுந்தியின் அன்பைச் சமயம் நோக்கிக் குறைத்து மதித்தல் மாத்திரம் நமக்கு அழகன்று.

இனி ஊழைப் பற்றிய வினா. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்பின் வரலாற்றைச் சொல்கின்றது. கோவலன் முற்பிறப்பிற் பரதன் என்னும் பெயரினனாய்ச் சிங்கபுரத்து அரசனிடம் தொழில்செய்தவன். வாணிகஞ் செய்யவந்த சங்கமனை ஒற்றனென்று காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இப்பிறப்பில் வந்து பலித்தது. இதனைக் கற்ற மாணாக்கன், ‘அங்ஙனமாயின் பாண்டியன்மேலும் பொற்கொல்லன்மேலும் குற்றம் ஏது?’ என்று கேட்பான். நல்ல வினா அது. அதற்கு விடை நூலுள்ளேயே உளது. அரசன் கட்டளையிட்ட இடத்தில், வினை விளையுங் காலம் என்பதையும் அவன் ஆராயாதவனானான் என்பதையும் இளங்கோவடிகள் அடுத்தடுத்து வைக்கின்றார். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டாரல்லர். வினைப்பயன் அடைவோனுக்கு உரியது. வினை செய்வோன் செயல் அவனுக்கே உரியது. கோவலனுக்கு வரவேண்டிய துன்பம் வந்ததென்பதால், அதனை வருவித்த பொய் மெய்யாகிவிடாது. ஊழைக் காட்டித் தப்புதற்கு எல்லாரினும் வாய்ப்புடையவன் பாண்டியன். அவனே அவ்வழியிற் செல்லவில்லை. மேலும், சங்கமன் கதையும் ஆராயாத் தீர்ப்பின் கதையே என்பது நோக்குக. சங்கமன், மாதவி, கோவலன், கொற்கைக் கொல்லர் ஆயிரவர் என, அத்தீர்ப்பு இக்காப்பியத்தில் நான்கு முறை நிகழ்கின்றது.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கது யாதெனின், குறிப்பு நூல்களை ஒருபுறம் வைத்து, மாணாக்கரைக் காதையினிடத்தே கொண்டு செல்லுதல். உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் உரைகளோடு பதிப்பித்தபின் இந்நூல் யாவர்க்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டது. நூல் முழுதும் படித்தற்குக் காலம் போதாதெனின், கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையுமேனும் முழுமையாகப் படிப்பிக்க. பின் ஒவ்வொரு மாந்தரைக் குறித்தும் நான்கு வினாக்களை எழுப்புக. இவர் அறிந்திருந்தது யாது? அறியக்கூடியதாயிருந்தும் அறிய முயலாதது யாது? இவருக்குத் திறந்திருந்த வழிகள் எத்தனை? பிழை வெளிப்பட்டபின் இவர் யாது செய்தார்? ஒவ்வொரு விடைக்கும் நூலிலிருந்து சான்று காட்டுமாறு பணிக்க. சான்றில்லாத தீர்ப்பு, உடைத்துப் பாராத சிலம்பு.

இவ்வாறு கற்பித்தாற் பரீட்சையிற் புள்ளி குறையுமோ என அஞ்சவேண்டா. காரணங் காட்டி எழுதும் விடை மனனஞ் செய்த விடைக்குத் தாழ்ந்ததாகாது. அவ்வாறன்றிச் சிறிது குறையினும், பெறும் பயன் பெரிது. இன்று வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே நாளை நீதிபதியும் பத்திரிகைக்காரரும் அதிகாரிகளும் குடும்பத் தலைவர்களும் ஆவர். ஊரில் ஒருவனைப்பற்றிப் பழிச்சொல் எழுங்கால், முதலில் கேட்டதை நம்புவரோ, சிலம்பை உடைத்துப் பார்ப்போம் என்பரோ என்பது இவ்வகுப்பறையிலேயே பெரும்பாலும் துணியப்படுகின்றது.

அவர்களினும் முன்னதாக அப்பாடம் உரியது ஆசிரியர்க்கே. வகுப்பறையில் ஆசிரியன் ஒரு சிற்றரசன். ஒரு பிள்ளையின் எழுதுகோலோ காசோ காணாமற் போகின்றது. ஒருவன் எழுந்து மற்றொருவனைச் சுட்டிக் காட்டுகின்றான். அப்பொழுது நம் கண் எவன்மேற் செல்கின்றது? கந்தை உடுத்தவன்மேலோ, முன்னொருகாற் பிழைசெய்தவன்மேலோ, இன்ன தெருவான் என்று நாம் அறிந்தவன்மேலோ? சுட்டிக்காட்டுபவன் நன்கு படிப்பவனாயின் அவன் சொல்லை வினாவின்றி ஏற்கின்றோமோ? பிரம்பை எடுக்குமுன் இவ்வினாக்களை நம்மிடத்தே எழுப்பாவிடின், வழக்குரை காதையை நாம் எத்துணை இனிமையாகப் பாடிப் பொருள் சொல்லினும் பயனில்லை. தவறித் தண்டித்தோமெனப் பின்னர் அறியவருமாயின், அப்பிள்ளையை அழைத்து, எல்லாப் பிள்ளைகளும் கேட்க, ‘பிழை எம்முடையது’ என்று சொல்லுந் துணிவு வேண்டும். அத்துணிவாலன்றோ பாண்டியன் வளைந்த செங்கோலை நிமிர்த்தினான்! அவன் அதற்குத் தன் உயிரைக் கொடுத்தான். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு சொல்லே.